சிட்லிங்கியின் மகள்கள் நடத்தும் மருத்துவமனை

தருமபுரி மாவட்டம் அரூரிலிருந்து கோட்டப்பட்டி வழியாகப் போகும் சாலை ஒரு கட்டத்தில் மலைகளுக்குள் நுழைந்துவிடுகிறது. ஒரு பக்கம் கல்வராயன் மலை, மறுபக்கம் சித்தேரி மலை. நடுவில் விரிந்து கிடக்கும் பள்ளத்தாக்குதான் சிட்லிங்கி. இருபதுக்கும் மேற்பட்ட சிற்றூர்கள். குடியிருப்போரில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் கேரளத்தவர் என்று நினைத்துவிட வேண்டாம். சேர்வராயன், கல்வராயன், ஜவ்வாது, கொல்லி மலைகளில் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழ் பேசும் மக்கள் இவர்கள். இடையிடையே தாண்டா எனப்படும் லம்பாடிக் குடியிருப்புகளும் உண்டு.

1990களின் தொடக்கத்தில் இங்கே ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டு, குழந்தை குறுக்கே கிடந்தால், அரூர் மருத்துவமனைக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் போக வேண்டும். வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டும் என்று அங்கே சொல்லிவிட்டால், இன்னொரு 50 கிலோமீட்டர். நாளுக்கு ஒன்றிரண்டு முறை வந்துபோகும் பேருந்தை நம்பி இவ்வளவு தூரம். பல குடும்பங்கள் கிளம்பவே இல்லை. பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 150 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்காமல் இறந்துகொண்டிருந்த பள்ளத்தாக்கு அது.

இன்று அந்த எண்ணிக்கை 20க்கு அருகில் வந்திருக்கிறது. 35 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை, அறுவை அரங்கு, பிரசவ அறை, பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு, ஆய்வகம் எல்லாம் அங்கேயே இருக்கின்றன. ‘ட்ரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ்’ என்ற தொண்டு அமைப்பு நடத்தும் இந்த மருத்துவமனை முப்பது ஆண்டுகளைக் கடந்துவிட்டது. இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதை நிறுவிய மருத்துவத் தம்பதியின் தியாகக் கதையாகவே எழுதி முடித்துவிடுகிறார்கள். அந்தக் கதை உண்மைதான், பெருமைப்பட வேண்டியதும்கூட. ஆனால், இந்த மருத்துவமனை முப்பது ஆண்டுகள் தாங்கி நின்றதற்கான காரணம் அந்தக் கதைக்குள் முழுதாக அடங்கவில்லை. பள்ளத்தாக்கின் வீடுகளிலிருந்து வந்து, ஊசி போடவும் பிரசவம் பார்க்கவும் கற்றுக்கொண்டு, அங்கேயே தங்கிவிட்ட பெண்களையும் சேர்த்துச் சொன்னால்தான் அது நிறைவுபெறும்.

மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் ஆலப்புழை மருத்துவக் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். திண்டுக்கல் அருகேயுள்ள காந்திகிராமம் கஸ்தூர்பா மருத்துவமனையில் வேலை பார்த்தார்கள். வயிற்றுப்போக்குபோல எளிதில் தடுத்துவிடக்கூடிய நோய்களோடு, வெகுதூரம் பயணம் செய்து வந்து சேரும் நோயாளிகளை அங்கே பார்த்தார்கள். மருத்துவமனையை நோயாளி தேடி வருவதற்குப் பதிலாக, நோயாளி இருக்கும் இடத்துக்கே மருத்துவமனை போனால் என்ன என்ற கேள்வி அங்கேதான் எழுந்தது. நாட்டின் பல பகுதிகளைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சிட்லிங்கிக்கு வந்து சேர்ந்தார்கள். ஆண்டு 1993.

அந்தக் காலச் சூழலை மறந்துவிடக் கூடாது. இதே அரூர் வட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிறது வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று சந்தன மரத்தைத் தேடி வந்ததாகச் சொல்லி வனத் துறை, காவல் துறை, வருவாய்த் துறையினர் அந்த ஊரைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்களில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது. சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2023 செப்டம்பரில். வெளியூரிலிருந்து வந்து நிற்கும் படித்தவர் எவரையும் அன்றைக்கு அந்த மலையடிவார மக்கள் எந்தக் கண்ணோடு பார்த்திருப்பார்கள் என்பதை விளக்கத் தேவையில்லை. வாச்சாத்தி நடந்து ஓராண்டு ஆகும் வேளையில்தான் இரண்டு மருத்துவர்கள் வந்து ஊசியை நீட்டினார்கள். நம்பிக்கை சும்மா வந்துவிடவில்லை.

ஊர்க்காரர்களே கட்டிக்கொடுத்த ஒரு குடிசைதான் முதல் மருத்துவமனை. நூறு சதுர அடி. நூறு வாட் குண்டு பல்பு ஒன்று. அதற்குள்ளேயே நோயாளியைப் பார்ப்பது, பிரசவம், அறுவை சிகிச்சை எல்லாம். ஒருவர் மயக்க மருந்து கொடுத்து மூச்சைக் கவனித்துக்கொள்ள, மற்றவர் கத்தி பிடிக்க வேண்டும். மூன்றாவது ஆள் வேண்டுமே? கருவிகளைக் கொதிக்க வைக்கவும், ரத்த அழுத்தம் பார்க்கவும், அழும் குழந்தையைக் கையில் வாங்கவும் யார் இருக்கிறார்கள்? பட்டயம் பெற்ற செவிலியர் எவரும் அந்தக் காட்டுக்கு வரத் தயாராக இல்லை. வந்தாலும் தங்கமாட்டார்கள்.

அதனால், பக்கத்து ஊர்களின் பெண்களிடம் கேட்டார்கள். அதிகம் படிக்காத இளம்பெண்கள். வீட்டுக்கு வெளியே வேலைக்குப் போவதே புதிது. அவர்களை உட்கார வைத்து உடலின் அமைப்பிலிருந்து தொடங்கிக் கற்றுக்கொடுத்தார்கள். தையல் போடுவது, சொட்டு மருந்தின் வேகத்தைக் கணக்கிடுவது, பிரசவத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் நேரம் குறித்து எழுதுவது, மலேரியாவுக்கு ரத்தப் பூச்சு எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது என்று படிப்படியாகப் போயிற்று பாடம். இன்று இந்த மருத்துவமனையின் ஊழியர்களில் மிகப் பெரும்பாலோர் பழங்குடியினர். ஆரம்பக் காலப் பெண்கள் பலர் இப்போது மூத்தவர்கள். புதிதாக வரும் இளம் மருத்துவர்களுக்குப் பிரசவ அறையில் கை பிடித்துக் கற்றுக்கொடுக்கும் அளவுக்கு அனுபவம் உள்ளவர்கள். எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு வருகிறவருக்கு இது நல்ல பாடம். நகரத்துக் கல்லூரியில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று எட்டிப் பார்த்ததை, இங்கே ஆயிரக்கணக்கில் செய்துபார்த்த ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லித்தருகிறார்.

இரண்டாவது வரிசை இன்னும் முக்கியமானது. ஒவ்வோர் ஊரும் தன் பெண்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பியது. பெரும்பாலும் திருமணமாகிப் பிள்ளை பெற்றவர்கள். ஊரில் சொன்னால் எடுபடும் வயதினர். அவர்கள் மருத்துவமனையில் பயிற்சி பெற்று ஊருக்கே திரும்பிப் போனார்கள். கர்ப்பிணிகளைப் பார்ப்பது, குழந்தைகளை எடை போடுவது, ஆபத்து தெரிந்தால் உடனே அனுப்பி வைப்பது அவர்கள் வேலை.

கேட்பதற்குச் சாதாரணமாகத் தெரியும் இந்த வேலையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால்தான் 150 எப்படி 20 ஆனது என்பது விளங்கும். பச்சிளங்குழந்தைகளைக் கொன்றவை பெரிய பெயருள்ள நோய்கள் அல்ல. குளிர், கிருமித்தொற்று, நிமோனியா, வயிற்றுப்போக்கு ஆகியவைதான். பிறந்த குழந்தையை உடனே குளிப்பாட்டாமல் துணியால் ஈரம் போகத் துடைத்து, தலையோடு சேர்த்துப் போர்த்தி, தாயின் மார்போடு அணைத்து வைக்க வேண்டும். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிடாமல் முதல் ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். தொப்புள்கொடியைப் புதிய பிளேடால் அறுத்து, சாணமோ சாம்பலோ வைக்காமல் விட வேண்டும். குழந்தைக்குச் சளி பிடித்தால் நிமோனியாவா இல்லையா என்பதைக் கண்டுபிடிக்க எக்ஸ்ரே வேண்டியதில்லை. சட்டையை விலக்கி, ஒரு நிமிடம் முழுக்க மார்பு ஏறி இறங்குவதை எண்ணினால் போதும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயதுக்குள் 50, அதற்கு மேல் ஐந்து வயது வரை 40. இந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ ஆபத்து, காத்திருக்கக் கூடாது. வயிற்றுப்போக்குக்கு உப்பும் சர்க்கரையும் கரைத்த நீர். ஒரு மருத்துவர் இவற்றை ஊர் ஊராகப் போய்ச் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போவார்கள். ‘சீம்பாலைக் கொட்டாதே’ என்று சொல்கிறவள் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவாக, தானும் நாலு பெற்றவளாக இருந்தால் மாமியாரும் கேட்டுக்கொள்வார்.

இந்த வழி ஒன்றும் ஊகமல்ல. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் மருத்துவர்கள் அபய் பங், ராணி பங் தம்பதி 39 கிராமங்களில் ஊர்ப் பெண்களுக்குப் பச்சிளங்குழந்தைப் பராமரிப்பைக் கற்றுக்கொடுத்து, பச்சிளங்குழந்தை இறப்பு 62 சதவீதம் குறைந்ததை ‘லான்செட்’ இதழில் 1999இல் நிறுவினார்கள். நாடு முழுக்க இன்று ஆஷா பணியாளர்கள் வீடு தேடிச் சென்று குழந்தையைப் பார்ப்பதற்கு அந்த ஆய்வு அடித்தளம். அதற்கும் முன்னால், வேலூர் சி.எம்.சி.யில் படித்த ராஜ் அரோலேயும் மேபெல் அரோலேயும் 1970இல் அதே மாநிலத்தின் ஜாம்கேடுக்குப் போய், எழுதப் படிக்கத் தெரியாத ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களையே கிராமச் சுகாதாரப் பணியாளர்களாக ஆக்கிக் காட்டினார்கள். சிட்லிங்கி இந்த மரபில் வருவது.

பத்தாண்டுகள் ஓடிய பிறகு சிட்லிங்கியில் வேறொன்றும் நடந்தது. மருத்துவமனைக்காரர்கள் ஊர் ஊராகப் போய் மக்களோடு பேசினார்கள். அடுத்து என்ன வேண்டும் என்ற கேள்விக்கு மக்கள் கைகாட்டியது இன்னொரு படுக்கையை அல்ல, வயலை. சாமையும் ராகியும் போட்ட நிலத்தில் பணப்பயிர் ஏறியிருந்தது. உரத்துக்கும் பூச்சிமருந்துக்கும் கடன். தட்டில் தீட்டிய ரேஷன் அரிசி. முன்பு அதிகம் தென்படாத நீரிழிவும் ரத்தக் கொதிப்பும் புறநோயாளிகள் வரிசையில் வந்து நிற்கத் தொடங்கியிருந்தன. 2004இல் நான்கு விவசாயிகளோடு இயற்கை விவசாயிகள் சங்கம் ஒன்று உருவானது. இன்று நூற்றுக்கணக்கான குடும்பங்கள் அதில் இருக்கின்றன. சிறுதானியத்தையும் மஞ்சளையும் அவர்களே பதப்படுத்தி ‘ஸ்வாத்’ என்ற பெயரில் விற்கிறார்கள். லம்பாடிப் பெண்களின் மறைந்துகொண்டிருந்த பூத்தையலை, அதை அறிந்த மூதாட்டிகளிடமிருந்து இளையவர்கள் கற்று, ‘பொர்கை’ என்ற கைவினைக் குழுவாக நடத்துகிறார்கள். கிருஷ்ணா, அனுராதா என்ற கட்டடக் கலைத் தம்பதி தொடங்கிய ‘துளிர்’ கல்வி மையமும் இதே பள்ளத்தாக்கில்தான். ஒரு மருத்துவமனை தன் எல்லையை மீறிப் போகிறதே என்று யாரேனும் நினைத்தால், ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த நோயைக் கொண்டுவந்த கடனையும் தட்டையும் பார்க்காமல் இருப்பது எந்த வகை மருத்துவம் என்று திருப்பிக் கேட்கலாம்.

2020 தொடக்கத்தில் சிட்லிங்கி ஊராட்சித் தலைவராகப் பொறுப்பேற்றவர் மாதேஸ்வரி. மருத்துவமனையில் பயிற்சி பெற்று நீண்ட காலம் அங்கே வேலை பார்த்தவர். வீட்டுக்கு வெளியே வேலைக்குப் போவதே அரிதாக இருந்த ஊரில், ஒரு தலைமுறைக்குள் நடந்த மாற்றம் இது. மருத்துவமனையின் ஆண்டறிக்கையில் எந்தக் கட்டத்திலும் நிரப்ப முடியாத பலன்.

சிட்லிங்கிக்கு மேற்கே, நீலகிரியில் இதே எண்ணம் வேறொரு வழியாக வளர்ந்தது. கூடலூர், பந்தலூர்ப் பகுதியில் பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர், இருளர் என ஐந்து பழங்குடிகள். ஸ்டான் தெக்கேக்கராவும் மாரி மார்செல் தெக்கேக்கராவும் 1980களின் நடுவில் தொடங்கிய ‘அக்கார்ட்’ அமைப்பின் துணையோடு அவர்கள் ஆதிவாசி முன்னேற்றச் சங்கமாகத் திரண்டார்கள். 1988இல் பல்லாயிரம் பேர் நில உரிமைக்காகக் கூடலூர் வீதிகளில் ஊர்வலம் போனார்கள். மருத்துவர்கள் தேவதாசனும் ரூபாவும் ஊர் ஊராகச் சென்று ஆதிவாசிப் பெண்களைச் சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தார்கள். அவர்கள் கண்டுபிடித்த நோயாளிகளை எங்கே அனுப்புவது? வெளி மருத்துவமனைகளில் ஆதிவாசியை ஆளாகவே மதிப்பதில்லை. நமக்கென்று ஒன்று வேண்டும் என்ற முடிவு சங்கத்திலிருந்து வந்தது. 1990இல் மகப்பேறு மருத்துவர் ஷைலா தேவியும் அறுவை மருத்துவர் நந்தகுமார் மேனனும் வந்து சேர, ‘அஸ்வினி’ அமைப்பின் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை தொடங்கியது. செவிலியர்கள் ஆதிவாசிகள். நிர்வாகத்திலும் ஆதிவாசிகள். வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருப்பவர் தன் மொழியிலேயே பேசும்போது, காட்டுநாயக்கப் பாட்டி ஒருவர் உள்ளே வரத் தயங்கமாட்டார்.

கூடலூர் செய்ததில் தமிழ்நாடு பாடமாகப் படிக்க வேண்டியது அதன் காப்பீடு. 1992இல், நாட்டில் மருத்துவக் காப்பீடு என்றால் பெரிய உத்தியோகஸ்தர் சமாச்சாரம் என்றிருந்த காலத்தில், சங்க உறுப்பினர்கள் அனைவருக்குமாக நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் நிறுவனத்திடம் ஒரே குழுக் காப்பீடு வாங்கினார்கள். தலைக்கு ஆண்டுக்குச் சில ரூபாய். கூலி கையில் இருக்கும் பருவத்தில் ஊர்க்கூட்டம் கூடிச் சேர்ந்து கட்டுவார்கள். நோய் வந்தவன் மட்டும் சேர்வது, மற்றவன் நழுவுவது என்ற சிக்கல் இதனால் குறைகிறது. காப்பீட்டு நிறுவனத்தோடு மல்லுக்கட்டும் வேலை அஸ்வினியுடையது; நோயாளி எந்தப் படிவத்தையும் நிரப்ப வேண்டியதில்லை, கையிலிருந்து பணம் எடுக்க வேண்டியதில்லை. பின்னாளில் தேவதாசனும் பிறரும் செய்த ஆய்வில், காப்பீடு பெற்றவர்கள் மருத்துவமனையில் சேர்வது காப்பீடு இல்லாதவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் என்று தெரிந்தது. தமிழக அரசின் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது 2009இல். பதினேழு ஆண்டுகள் முன்னதாக, கூலிக்காரர்கள் தங்கள் சொந்தச் சில்லறையில் செய்து முடித்த காரியம் அது. இப்படிக் கட்டியவருக்கு மருத்துவமனையில் கேள்வி கேட்கும் உரிமையும் வந்துவிடுகிறது.

அரிவாள் அணு ரத்தசோகை விஷயத்திலும் கூடலூர் அரசை முந்திக்கொண்டது. ரத்தச் சிவப்பணுக்கள் வட்டமாக இருப்பதற்குப் பதில் அரிவாள்போல வளைந்து நுண்குழாய்களில் அடைத்துக்கொள்ளும் பரம்பரை நோய் இது. மூட்டும் முதுகும் தாங்க முடியாமல் வலிக்கும். பல காலம் ‘ஆதிவாசிக்கு உடம்புவலி’ என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். ஒரே மக்களை ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்த மருத்துவமனை என்பதால்தான், ஒரே குடும்பத்தில் திரும்பத் திரும்ப வரும் வலி கண்ணில் பட்டது. ஊர்ப் பணியாளர்கள் மூலம் ரத்தப் பரிசோதனை, ஃபோலிக் அமிலம், ஹைட்ராக்சியூரியா மாத்திரை, தவறாத பின்தொடர்தல். மத்திய அரசின் அரிவாள் அணு ஒழிப்பு இயக்கம் தொடங்கியது 2023 ஜூலையில். கூடலூரில் இந்தப் பணி அதற்கு வெகுகாலம் முன்பே நடந்துகொண்டிருந்தது.

இவ்வளவையும் சொன்ன பிறகு ஒரு கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. நகரத்துக்காரருக்குப் பட்டம் பெற்ற செவிலியர், மலைவாசிக்கு அங்கேயே பயிற்சி பெற்றவர் என்றால், ஏழைக்கு இரண்டாந்தர மருத்துவமா? நியாயமான கேள்வி. ஆனால், இந்தப் பெண்கள் வந்தபோது அவர்கள் இடத்தில் பட்டம் பெற்ற ஒருவர் காத்துக்கொண்டிருக்கவில்லை. மலையில் பணியிடம் ஒதுக்கினால் இடமாற்றத்துக்கு மனுப் போடுகிறவர்கள் இன்றும் உண்டு. தவிர, தரத்தை எதைக் கொண்டு அளப்பது? சுவரில் மாட்டிய சான்றிதழைக் கொண்டா, இறக்காமல் பிழைத்த குழந்தைகளைக் கொண்டா? இரண்டும் வேண்டும் என்பதே சரியான பதில். அதற்கு வழி இல்லாமல் செய்திருப்பது நம் விதிமுறைகள்.

துணைச் செவிலியர் படிப்பில் சேரவே இன்று பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். இருபது ஆண்டுகளாகப் பிரசவம் பார்த்த மலைவாழ் பெண் ஒருவர், எட்டாவதோடு பள்ளியை விட்டவராக இருந்தால், அவருடைய திறமையை அரசு ஏற்றுக்கொள்ள எந்தக் கதவும் இல்லை. அந்த மருத்துவமனையை விட்டு வெளியே வந்தால் ஏட்டளவில் அவர் ‘பயிற்சி இல்லாதவர்’. ஓட்டுநருக்குக்கூட ஓட்டிக் காட்டினால் உரிமம் தருகிறார்கள். செய்முறைத் தேர்வு வைத்து, தேறியவர்களுக்கு இணைப்புப் படிப்பு தந்து, தகுதிச் சான்று வழங்குவதில் செவிலியர் மன்றத்துக்கு என்ன தடை?

ரத்தம் இன்னொரு தலைவலி. பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு நிற்காவிட்டால் ஒரு பெண்ணுக்கு இருப்பது மணிக்கணக்கான அவகாசம்தான், சில வேளைகளில் அதுவும் இல்லை. முன்பெல்லாம் கிராமத்து அறுவை மருத்துவர்கள் உறவினர் ஒருவரின் ரத்தத்தை எடுத்து, வகை பார்த்து, நோய்த்தொற்று பரிசோதித்து, அப்போதே ஏற்றிவிடுவார்கள். 1996இல் உச்ச நீதிமன்றம் பணத்துக்கு ரத்தம் விற்பதை நிறுத்தச் சொல்லித் தீர்ப்பளித்தது. அது தேவையான தீர்ப்பு. ஆனால், அதன் தொடர்ச்சியாக இறுகிய விதிகளில், உரிமம் பெற்ற ரத்த வங்கிக்கு வெளியே ரத்தம் எடுப்பதே குற்றமாகிவிட்டது. ரத்த வங்கிக்குக் குறைந்தது 100 சதுர மீட்டர் இடம், தனி மருத்துவர், தனிப் பணியாளர்கள் எல்லாம் வேண்டும். ரத்தத்தை வாங்கி இருப்பு வைத்துக்கொள்ளும் மையங்களுக்குப் பின்னர் வழிவகை செய்தார்கள். அதற்கும் தாய் வங்கி ஒன்று எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அரிய வகை ரத்தம் அங்கே இருக்கவும் வேண்டும். எல்லைப் பகுதி ராணுவ மருத்துவமனைகளுக்கு இந்த விதிகளில் விலக்கு உண்டு. மலைக்குள்ளிருக்கும் பிரசவ அறைக்கும் அதே விலக்கு தரலாம் என்று கிராமப்புற அறுவை மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கேட்டுவருகிறார்கள். பாதுகாப்புப் பரிசோதனைகளைக் கட்டாயமாக்கிவிட்டு, நெருக்கடி நேரத்துக்கு மட்டும் அனுமதிப்பதில் யாருக்கு என்ன நட்டம்?

தமிழ்நாடு இந்த விஷயத்தில் பின்தங்கிய மாநிலம் அல்ல என்பதால்தான் இதையெல்லாம் உரிமையோடு கேட்க முடிகிறது. 2020ஆம் ஆண்டுக் கணக்குப்படி மாநிலத்தில் ஆயிரம் பிறப்புக்குச் சிசு இறப்பு 13. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்றில், நூற்றுக்கு 99க்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. கிராம சுகாதாரச் செவிலியர்கள் பல பத்தாண்டுகள் நடந்து நடந்து உருவாக்கிய சாதனை இது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரையை வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பவர்களில் கணிசமானோர் சுயஉதவிக் குழுவைச் சேர்ந்த உள்ளூர்ப் பெண்கள். ஊர்ப் பெண்ணை நம்பினால் வேலை நடக்கும் என்பதை அரசும் ஒப்புக்கொண்டுவிட்டது என்றுதான் இதற்குப் பொருள். ஆனால், மாநிலச் சராசரி என்பது மலையுச்சி ஊரைக் கண்ணுக்குத் தெரியாமல் செய்துவிடும் தன்மை கொண்டது. தூளி கட்டி நோயாளியைச் சாலை வரை சுமந்துவரும் படங்கள் இன்றும் நாளிதழ்களில் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

பணத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். சிட்லிங்கியும் கூடலூரும் நோயாளி கொடுக்கும் கட்டணத்தில் மட்டும் நடப்பவை அல்ல, நடக்கவும் முடியாது. நண்பர்கள், அறக்கட்டளைகள், பெயர் சொல்லாத நன்கொடையாளர்கள் தாங்கிப் பிடிக்கிறார்கள். நன்கொடை கட்டடத்துக்கு வரும், கருவிக்கு வரும்; ஊழியர் சம்பளத்துக்கு வருவது அரிது. கல்வெட்டில் பெயர் போட முடியாத செலவு அது. இந்த மருத்துவமனைகளை உண்மையில் நடத்துவதோ அந்தச் சம்பளத்தை வாங்கும் பெண்கள்தான். நீலகிரியில் பழங்குடியினர் சிகிச்சைக்கான படுக்கைச் செலவை அரசு ஏற்ற முன்னுதாரணம் ஏற்கெனவே இருக்கிறது. அதைச் சிட்லிங்கிக்கும், கல்வராயன், ஜவ்வாது மலைகளில் இனி முளைக்கப்போகும் சிறு மருத்துவமனைகளுக்கும் நீட்டி, உள்ளூர் ஊழியர்களின் ஊதியத்தையும் அதில் சேர்க்க வேண்டும். பழங்குடியினர் நலத் துறைக்கும் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும் இடையே கோப்பு அலையாமல் இதைச் செய்ய ஒரே ஓர் அரசாணை போதும்.

மருத்துவக் கல்லூரிகளுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. பயிற்சி மருத்துவர்களைச் சில வாரங்களாவது இப்படிப்பட்ட மருத்துவமனைகளுக்கு அனுப்பி வையுங்கள். கிராமத்து மருத்துவமனைகளில் தங்கிப் பழகிவிட்டு, பிறகு எங்கே வேலை செய்வது என்று முடிவெடுக்க விரும்பும் இளம் மருத்துவர்களுக்காகச் சிட்லிங்கிக்காரர்களே பயண உதவித்தொகைத் திட்டம் ஒன்றையும் தொடங்கி வைத்திருக்கிறார்கள். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் மருத்துவர்கள் வெளிவரும் தமிழ்நாட்டிலிருந்து சில நூறு பேராவது அதுபோன்ற இடங்களை நேரில் பார்த்துவிட்டு வரட்டும்.

அரசிடம் கேட்பது பெரிதல்ல. சிட்லிங்கியிலும் கூடலூரிலும் பத்தாண்டுகளுக்கு மேல் பணியாற்றிய உள்ளூர்ப் பெண்களுக்குச் செய்முறைத் தேர்வு நடத்தி, இணைப்புப் படிப்போடு செவிலியர் தகுதி வழங்கும் அறிவிப்பை வரும் சட்டமன்றத் தொடரின் மானியக் கோரிக்கையிலேயே மக்கள் நல்வாழ்வுத் துறை வெளியிட வேண்டும். நெருக்கடி ரத்தமேற்றலுக்கான விலக்கை மத்திய அரசிடம் கேட்டுத் தமிழகமே முதல் கடிதத்தை எழுத வேண்டும்.